நெருப்பு மழைக்கு ஒரு எஸ்டிமேட்

மேனேஜரா இருந்தது நாந்தான், இல்லைன்னு நான் எப்பச் சொன்னேன் வக்கீலம்மா? பூமிநாதன், ஸ்ரீகோகிலாம்பாள் பிக்சர்ஸ், புரொடக்சன் மேனேஜரு. நோட்டீசுல அப்பிடித்தான போட்டுருக்கீக? சரியாத்தான் இருக்கு. அந்தம்மா அன்னைக்கு வேலைக்கு வந்துச்சா வரலையாங்கறது எனக்குத் தெரியாதுன்னுதான் சொல்றேன். நூத்தி இருவது பேரு நிக்கிற எடத்துல எந்த மூஞ்சிய... என்னது? ஆமா, நூத்திப் பத்தொம்போது. வேலைக்கு வந்த ஆளக் குறிக்கிற மஸ்டருல நூத்திப் பத்தொம்போதுதான். வாய் தவறி வந்துருச்சு. அத ஒண்ணும் எழுதிக்கிற வேணாம்.

உக்காருங்க மொதல்ல. விருதுநகர்ல ஏறுனா பாலவனத்தம் தாண்டித்தான் அந்த பஸ்ஸுல எடங் கெடைக்கும், நின்னுக்கிட்டுதான் வந்துருப்பீக. அந்தச் சாக்குக் கட்டு மேல உக்காரலாம், புதுச் சாக்கு. வெள்ளச் சேலையில தும்பு ஒட்டும், தட்டி விட்டாப் போயிரும். கரண்டு போயி ஒரு மணி நேரமாச்சு. இந்தாங்க, கலரு குடிங்க. சில்லுன்னு இருக்காது, என்ன செய்ய.

கட என்னோடது இல்ல. மச்சான் சங்கரபாண்டியன் கட. சாக்கு, கயிறு யாவாரம். ரெண்டு வருசமா நான் கல்லாவுல இருக்கேன். அவுக சாப்பிட வீட்டுக்குப் போயிருக்காக, படுத்து எந்திரிச்சு வர நாலு மணியாகும். அதுக்குள்ள கேக்குறதக் கேட்டுட்டுப் போயிருங்க. கோர்ட்டு, கேஸுன்னா அவுகளுக்கு ஆகாது.

யாரு, உக்கிரபாண்டியா என்னையப் பாக்கச் சொன்னான்? என்னன்னு சொன்னான்? ... நல்ல மனுசன்னா சொன்னான்?

... இல்ல, ஒண்ணுமில்ல. பொறையேறிருச்சு.

வார திங்கக்கெழம விசாரணை, தெரியும். கம்பெனி ஆளு போன வாரமே வந்துட்டுப் போயிட்டாரு. நீங்க உக்காந்துருக்க அதே கட்டு மேலதான் உக்காந்துருந்தாரு. மஸ்டருல என்ன இருக்கோ அத அப்பிடியே சொல்லும் பூமிநாதன், வேற ஒண்ணும் வேணாம், அடுத்த படத்துக்கும் நீருதான்னாரு. நீங்க வந்து, ராக்கம்மா அன்னைக்கு எங்க சூட்டிங்குல வேலைக்கு நின்னு தீயிலதான் செத்துச்சுன்னு சொல்லச் சொல்றீக. நான் சொன்னா உக்கிரபாண்டிக்கு அவன் பொண்டாட்டி உசுருக்கு நஷ்டஈடு கெடைக்கும். எனக்கு என்ன கெடைக்கும்? அதையும் மறைக்காமச் சொல்லுங்க. ... ம். செயிலுன்னு நேராச் சொல்லிட்டீக. சந்தோசம். கம்பெனி ஆளு இம்புட்டு நேர்மையாப் பேசல.

பொம்மப்படம் பாப்பீகளா நீங்க? டிவியில ஞாயித்துக்கெழம காலையில போடுவானே. ஏழு மலை இளவரசின்னு ஒண்ணு வந்துச்சு, தொண்ணூறு, தொண்ணூத்தொண்ணுல. இந்தியில பேசும், ஒரு எழவும் புரியாது. ஆனா அது ஓடுறப்போ அருப்புக்கோட்டையில ஒரு கடையில யாவாரம் நடக்காது. றெக்கை வச்ச வெள்ளக் குதிரையில ஒரு பிள்ளை பறந்து போகும். மந்திரவாதி ஒருத்தன் கோட்டை மேல நெருப்பு மழை பெய்ய வைப்பான். ஆயிரம் வீரங்க நிப்பாங்க. இருவத்தாறு வாரம் ஓடுச்சு. எங்க மொதலாளிக்கு அதுல கிறுக்குப் பிடிச்சுருச்சு. பம்பாய் போயி, காசு குடுத்து உரிமை வாங்கிட்டு வந்துட்டாரு. இதையே நெச ஆளுகள வச்சுத் தமிழ்ல எடுக்கப் போறேன்னாரு.

பொம்மப்படத்துல ஒரு சவுகரியம் என்னன்னா, ஆயிரம் பேரு வேணும்னா வரைஞ்சுட்டுப் போயிரலாம். அந்த ஆயிரம் பேருக்கும் சோத்துப் பொட்டலம் வேணாம். குதிரைக்குப் புல்லு வேணாம். நெருப்பு மழை பேஞ்சா ஒருத்தனுக்கும் கொப்புளம் வராது. அதையே நெச ஆளா மாத்துனா, ஒவ்வொண்ணுக்கும் தாள்ல ஒரு வரி எழுதணும். அந்த வரிய எழுதுறதுதான் என் சோலி.

எனக்கு முன்னாடி மெட்ராசுல ஒரு மேனேஜரு எஸ்டிமேட் போட்டுக் குடுத்துருந்தாரு. தொண்ணூத்திரெண்டு லட்சம். மொதலாளி அதத் தூக்கிக் கடாசிட்டு என்னையக் கூப்பிட்டாரு. ஏன்னா நான் ஒம்போது வருசம் ஒரு பட்டாசு ஆபீசுல, வெடி செய்யிற எடத்துல, கணக்கு எழுதுனவன். கரிமருந்துக்குக் கணக்கு எழுதுனவனுக்குக் கம்பெனிக் காசு கரியாகாதுன்னு அவருக்கு ஒரு நெனப்பு. நான் தாளப் பாத்தேன். இருவத்தெட்டுல முடிச்சுத் தாரேன்னேன். எப்பிடிய்யான்னாரு. எங்க ஊருக்கு வாங்கன்னேன்.

திருச்சுழிக்குத் தெக்க ஒரு கம்மா, மூணு வருசமாத் தண்ணியே பாக்கல. கண்ணுக்கு எட்டுன மட்டும் வெடிப்பு, அதுக்கங்கிட்டு சீமைக்கருவேலம். மெட்ராசுல செட்டுப் போட்டா பாழடைஞ்ச தேசத்துக்கு ஏழு லட்சம். இங்க அது சும்மா கெடக்கு. டைரக்டரு எறங்கிப் பாத்துட்டு, அடடா, என்ன லொகேசன்னாரு. அந்த ஊருக்காரங்க எங்களையே பாத்துக்கிட்டு நின்னாங்க. மழ பெய்யாதத ஒருத்தன் வந்து பாராட்டுறான்னா அவுகளுக்கு எப்பிடி இருக்கும் சொல்லுங்க.

கொறைக்க ஆரம்பிச்சேன். வெள்ளக் குதிரைக்கு பம்பாய்க்காரன் ஒரு நாளைக்கு ஆயிரத்தி இருநூறு கேட்டான், அது போக பழக்குறவன், லாரி. நான் இங்க பஸ்டாண்டுல ஜட்கா வண்டியில ஓடிக்கிட்டுருந்த குதிரைய எம்பது ரூவாய்க்குப் பேசுனேன். செவலக் குதிரை. சுண்ணாம்பு பூசுனோம். வெயிலுக்கு வேர்த்து வேர்த்துச் சுண்ணாம்பு வழியும், மறுபடி பூசுவோம். றெக்கைக்கு, கோயில் சப்பரம் கட்டுறவரக் கூப்பிட்டு மூங்கிலும் தாளும் வச்சுச் செஞ்சோம், தொள்ளாயிரம் ரூவா. பறக்க விடணுமில்ல? கெணறு வெட்டுறவுக மண்ணுத் தூக்குற கிரேனு. நாள் வாடகை முந்நூறு. குதிரைய வயித்துல வாரு போட்டுத் தூக்குனா, அது அங்கனக்குள்ளயே சாணி போட்டுருச்சு. சிரிங்கம்மா, நாங்களும் சிரிச்சோம். அந்த மட்டும் எல்லாம் சிரிப்பாத்தான் இருந்துச்சு.

அடுத்து படை. ஆயிரம் முடியாது, நூத்தி இருவதுன்னு முடிவாச்சு. ஆம்பளையாளுக்கு இங்க அப்பக் கூலி முப்பத்தஞ்சு. பருத்தி எடுக்குற பொம்பளையாளுக்குப் பதினஞ்சு. நான் யோசிச்சேன். தலையில கவசம், மூஞ்சி பாதி மூடிரும், மீசைய ஒட்டிட்டா எவனுக்குத் தெரியப் போகுது? எம்.ரெட்டியபட்டிப் பக்கம் போயி, பொம்பளையாளு மட்டும் வாங்க, இருவது ரூவா, மதியச் சோறுன்னேன். லாரி பத்தாம வந்தாக. நாளைக்கு ஆயிரத்தி எண்ணூறு ரூவா மிச்சம், பன்னெண்டு நாளைக்கு இருவத்தோராயிரத்தி அறுநூறு. மொதலாளி என் முதுகுல தட்டுனாரு. அந்தத் தட்டு எனக்கு அன்னைக்கு எம்புட்டுப் பெருமையா இருந்துச்சு தெரியுமா? இன்னைக்கு நெனச்சா முதுகு கூசுது.

ஆமாம்மா. வீரங்க பூராம் பொம்பளைகதான். ஒங்க எதிர்க்கட்சி வக்கீலு அதத்தான கேட்டாரு, போர்வீரன் வேசத்துக்கு ஒரு கெழவி எப்பிடி வந்துச்சுன்னு? கெழவி இல்ல, நாப்பத்தி நாலு வயசு. வெயில்ல காஞ்சு அப்பிடித் தெரியும்.

கவசமா? கவசம் எங்க மச்சான் கடைச் சாக்குதான். பழைய சாக்கு, ஒண்ணு நாலு ரூவா. ஆளுக்கு ரெண்டு. வெட்டித் தச்சு, மேல சில்வர் பெயிண்ட்டு அடிச்சுட்டா தூரத்துல இரும்பு மாதிரி மின்னும். முதுகுல கயித்த வச்சுக் கட்டணும். தனக்குத் தானே கட்ட முடியாது, ஒருத்திக்கு ஒருத்தி கட்டி விடுவாக. காலையில வரிசையா நின்னு ஒருத்தி முதுக ஒருத்தி கட்டுறதப் பாக்கணும், கல்யாண வீட்டுல சடை பின்னி விடுற மாதிரி ஒரே சத்தமா இருக்கும். ராக்கம்மாவுக்கு மீசைன்னா அப்பிடிப் பிடிக்கும். மதியச் சோத்துக்குக்கூட அவுக்காது. புருசன் உக்கிரபாண்டி கரிமூட்டம் போடுறவன், காட்டுலருந்து அந்த வழியா வந்தவன் பாத்துட்டு இது எந்த ஊரு மைனருன்னு கேட்டானாம். அதச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

... ஆமா. தெரியும். ராக்கம்மாவ எனக்கு நல்லாத் தெரியும். மொதல்ல தெரியாதுன்னு சொன்னேன். இப்பத் தெரியும்னு சொல்றேன். நீங்க எழுதுறத எழுதிக்கங்க.

நெருப்பு மழைக்கு வருவோம். மெட்ராசுல தீ வேலை செய்யிறவரு ஒரு லட்சத்தி நாப்பதாயிரம் கேட்டாரு. தண்ணி லாரி ஒண்ணு, ரெண்டு நாளு ஒத்திகை, தீயணைக்குற ஆளு நாலு பேரு, எல்லாஞ் சேத்து. நான் வீரபத்திரனப் பிடிச்சேன். இருவது வருசம் மருந்து கலக்குற ரூம்புல இருந்த மனுசன். வெரலு ரெண்டு கெடையாது. நான் கணக்கு எழுதுன எடத்துலயே வேலை பாத்தவரு, என்னைய கணக்கப்பிள்ளன்னுதான் கூப்பிடுவாரு. தீவாளிக்கு விக்காம ஈரம் பாஞ்சு கெடந்த வெடி கால் வெலைக்குக் கெடைச்சுச்சு. வீரபத்திரன் தொட்டுப் பாத்துட்டு, கணக்கப்பிள்ள, ஈரம் பாஞ்சு காஞ்ச மருந்து எப்ப வெடிக்கும்னு அதுக்கே தெரியாதுன்னாரு. தள்ளி நிக்க வச்சுக் கொளுத்துவோம், தண்ணி மட்டும் நெறைய வையும்னாரு.

தண்ணி. இங்கதாம்மா நான்... கொஞ்சம் இருங்க, இந்தக் கதவ ஒருச்சாச்சுட்டு வாரேன். வெக்க அடிக்குது.

எஸ்டிமேட்டுல தண்ணிய ரெண்டு எடத்துல எழுதணும். குடிக்கிற தண்ணி ஒரு வரி, தீக்கு வைக்கிற தண்ணி ஒரு வரி. மெட்ராசுக்காரன் ரெண்டா எழுதியிருந்தான். சித்திர மாசம் திருச்சுழிப் பக்கம் ஒரு டிரம்மு தண்ணி பன்னெண்டு ரூவா, அதுவும் டிராக்டர்காரன் கால்ல விழணும். அந்த ஊருல பொம்பளைக ரெண்டு கொடத்துக்கு மூணு மைலு நடக்குறாக. அங்க உக்காந்துக்கிட்டு எட்டு டிரம்மு தண்ணின்னு எழுத எனக்குக் கை வரல. தீப்பிடிச்சாத்தான அந்தத் தண்ணி வேணும், இல்லைன்னா சும்மா வெயில்ல காயப் போகுதேன்னு தோணுச்சு. ரெண்டு வரியையும் ஒண்ணாச் சேத்தேன். தண்ணி, டிரம்மு நாலு. மொதலாளி சொல்லல, டைரக்டரு சொல்லல. நானே சேத்தேன். வெளியூரு மேனேஜரு எவனும் இந்தத் தப்பச் செஞ்சுருக்க மாட்டான். கொழாயத் தெறந்தா தண்ணி வாற ஊருலருந்து வந்தவன் தாராளமா எழுதிருப்பான். தண்ணிய ரெண்டு தடவ எழுத மனசு வராதது நம்ம ஊருக்காரனுக்கு மட்டுந்தான்.

தொண்ணூத்தி மூணு, சித்திர இருவத்தொண்ணு. சாயங்காலம் நாலு மணி. வெயிலு கொஞ்சம் மஞ்சளா எறங்குனப் பெறகு நெருப்பு நல்லாத் தெரியும்னு டைரக்டரு காத்துக்கிட்டுருந்தாரு. மூங்கிலு, சாக்கு, களிமண்ணு வச்சுக் கோட்டை மதிலு. அதுக்கு மேல கிரேனுலருந்து கயிறு கட்டி வெடிகளத் தொங்கவிட்டாச்சு. வீரபத்திரன் பொம்பளைகள அம்பதடி தள்ளி நிறுத்துனாரு. டைரக்டரு கேமராவுல பாத்துட்டு, பொம்மப்படத்துல நெருப்பு வீரங்க தலை மேலதான விழுகுது, இவுக ஏன் அடுத்த ஊருல நிக்கிறாகன்னாரு. முன்னாடி தள்ளு, இன்னும் தள்ளுன்னு மதிலுக்கு உள்ளயே கொண்டு வந்துட்டாங்க. வீரபத்திரன் என்னையத் திரும்பிப் பாத்தாரு. நான் பந்தல்ல உக்காந்து சோத்துப் பொட்டலக் கணக்கு எழுதிக்கிட்டுருந்தேன். பாத்தும் பாக்காத மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். அன்னைக்கு முடியலைன்னா இன்னொரு நாளு கூலி ஏறும்.

மொத ரெண்டு வெடி பிடிக்கவே இல்ல. புஸ்ஸுன்னு போச்சு. பொம்பளைக சிரிச்சாக. மூணாவது, தொங்குன எடத்துலயே வெடிச்சு கயித்த அத்துருச்சு. கொத்தா எல்லாம் மதிலு மேல விழுந்துச்சு. சித்திர மாசக் காத்து நின்ன எடத்துலயே சுத்தும், ஒங்களுக்குத் தெரியாதா. சாக்கு மதிலு குப்புன்னு பிடிச்சுருச்சு. கேமரா ஓடிக்கிட்டே இருக்கு. டைரக்டரு அருமை அருமைங்கறாரு.

நான் டிரம்முக்கு ஓடுனேன். மொத டிரம்முல போணிய விட்டேன், அடியில தட்டுது. ரெண்டாவதுலயும் தட்டுது. மூணாவது, நாலாவது... நூத்தி இருவது பொம்பளைக, சித்திர வெயிலு, உடம்புல ரெண்டு சாக்கு, அதுக்கு மேல பெயிண்ட்டு. காலையிலருந்து மோந்து மோந்து குடிச்சிருக்காக. ஏன் குடிக்க மாட்டாக? குடிக்கத்தான வச்சுருக்குன்னு நெனச்சுருக்காக. எழுதுனவன் எனக்கே அது குடிக்கிற தண்ணியா தீக்கு வைக்கிற தண்ணியான்னு தெரியாதப்போ அவுகளுக்கு எப்பிடித் தெரியும்?

மத்தவுக வெளிய ஓடிட்டாக, ஏழு பேரு உள்ள மாட்டிக்கிட்டாக. வீரபத்திரன் உள்ள ஓடிட்டாரு. முதுகுக் கயித்த அவுத்து அவுத்து ஒவ்வொருத்தியா வெளியத் தள்ளுனாரு. மூணு வெரலு ஒரு கையில, அத வச்சுக்கிட்டு முடிச்சு அவுக்குறாரு. ஆறு பேரு வெளிய வந்தாக. ஏழாவது ராக்கம்மா. முடிச்சு எறுகிருச்சோ என்னமோ, ரெண்டு பேரும் வரல. மதிலு விழுந்துருச்சு.

... ஒண்ணுமில்லம்மா. நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க கலர வச்சே இருக்கீக. குடிங்க.

வீரபத்திரன் அங்கனயே முடிஞ்சுட்டாரு. ராக்கம்மாவுக்கு உசுரு இருந்துச்சு. கம்பெனி வேன்ல தூக்கிப் போட்டு நாந்தான் கொண்டு போனேன். தண்ணி தண்ணின்னுச்சு. வேன்ல ஏது தண்ணி. ரெட்டியபட்டிக்கு ஒரு மைலு இருக்கையில சத்தம் நின்னுருச்சு. டிரைவரு, அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக்கு விடவான்னான். நான் ஒரு நிமிசம் யோசிச்சேன். ஒரே நிமிசந்தான். வேணாம், வீட்டுக்கு விடுன்னேன்.

ஏன்னா கேக்குறீக? வீரபத்திரன் வீட்டாளுக பூராம் பட்டாசு ஆபீசுல வேல பாக்குறவுக. அவுகளுக்கு வழமுறை தெரியும், காசுக்கு வந்து நிப்பாகன்னு வேன்லயே எனக்குத் தெரியும். தகவல் போன ஒரு மணி நேரத்துல பதினஞ்சு பேரு வந்து பொணத்தச் சுத்தி உக்காந்துட்டாக. ஒரு சத்தமில்ல, அழுகையில்ல. காச வச்சாத்தான் தூக்க விடுவோம்னு ஒரு பெரியவரு சொன்னாரு, அம்புட்டுதான். பதினஞ்சாயிரம் எண்ணி வச்சு, கைநாட்டு வாங்குனேன். போலீசுக்கு அவரே கவனமில்லாம இருந்துட்டாருன்னு எழுதிக் குடுத்தாச்சு. ஆறு பேரக் காப்பாத்துன மனுசன், கவனமில்லாம இருந்துட்டாருன்னு எழுதுனோம்.

உக்கிரபாண்டிக்கு ஒண்ணும் தெரியாது. அவன் மூட்டத்துலருந்து கரியும் புகையுமா ஓடி வந்து பொண்டாட்டியப் பாத்துக்கிட்டே நின்னான். அவ மூஞ்சியில மீசை பாதி ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. நான் அவன ஓரமாக் கூட்டிட்டுப் போயி, போலீசுக்குப் போனா அறுத்துக் கூறு போட்டுருவாங்க, மூணு நாளாகும், பேசாம எடுத்துரு, அடுப்புல தீப்பிடிச்சுச்சுன்னு எழுதிக்கிருவோம்னேன். சரிங்க அண்ணாச்சின்னான். ஊருல பொறப்பு இறப்பு எழுதுறவருகிட்டயும் நாந்தான் அடுப்புத் தீன்னு சொன்னேன். அந்த வீட்டு அடுப்புல அன்னைக்கு நெருப்பே மூட்டல, ரெண்டு பேரும் விடியமுன்ன கெளம்புனவுக.

மொதலாளிக்குப் பேசாம இல்ல. அன்னைக்கு ராத்திரியே டவுனுக்கு வந்து எஸ்டிடி பூத்துலருந்து பேசுனேன். ஐயா, ரெண்டு உசுரு போயிருச்சு, இன்னொரு பதினஞ்சாயிரம் வேணும்னேன்.  பட்ஜெட்டப் பாரும்யான்னு சொல்லி வச்சுட்டாரு. ... அதுக்கு என்ன அர்த்தமா? சொல்றேன். அதுக்குத்தான் வாரேன்.

மறுநாளு எடுத்தாக. நானும் போனேன். மண்ணு போட்டு முடிச்சுக் குளிச்சுட்டு ஈரத்துணியோட உக்கிரபாண்டி எங்கிட்ட வந்தான்.  காசு கேப்பான், ஆள் சேத்துக்கிட்டு வந்துருக்கான்னு நெனச்சேன். அவன் மெதுவா, அண்ணாச்சி, அவ நேத்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் வேல பாத்துருக்கா, அந்தக் கூலிய மட்டும் குடுத்தீகன்னா பால் செலவுக்கு ஆகும்னான். இருவது ரூவா. பாக்கெட்டுலருந்து எடுத்துக் குடுத்தேன். கையெடுத்துக் கும்பிட்டு வாங்குனான். அன்னைக்குச் சாயங்காலம் மஸ்டர எடுத்து நூத்தி இருவத அடிச்சு நூத்திப் பத்தொம்போதுன்னு எழுதுனேன். நீங்க வச்சுருக்க நகலு அதுதான். மஸ்டரு என் கையெழுத்து.

இப்பச் சொல்லுங்க, நல்ல மனுசனா நான்? பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா கரி அள்ளச் சாக்கு வாங்க இந்தக் கடைக்கு வாரான். இந்த வாசல்லதான் நிப்பான். அம்புட்டுப் பெரிய கம்பெனியில அன்னைக்குக் காசு குடுத்தது நீங்க ஒருத்தருதான் அண்ணாச்சிம்பான்.  இந்தக் கேஸ அவன் யாரு சொல்லிப் போட்டான்? அவன் மருமகனா? படிச்ச பயலோ. நல்லாருக்கட்டும்.

அதெல்லாஞ் சரி, வாய்ச் சாட்சி போதாதா? நான் சொன்னா மொதலாளி, மேனேஜரு பொய் சொல்றான், எனக்கு ஒண்ணுந் தெரியாது, எதிர்பாராம நடந்ததும்பாரு. அதத்தான சொல்றீக? ஆமா, எதிர்பாராததுன்னுதான் அவரு எழுதிக் குடுத்துருக்காரு, கம்பெனி ஆளு காட்டுனாரு. அந்த வார்த்தையப் படிச்சப்பதான் எனக்கு... சரி, விடுங்க.

இந்தக் கல்லாவக் கொஞ்சம் நகத்தணும், காலத் தூக்கிக்கங்க. அடியில வச்சுருக்கேன். மச்சானுக்குக்கூடத் தெரியாது. பட்ஜெட்டு ரெண்டு தடவ எழுதுவோம்மா. மொத எழுதுற தாள மொதலாளி பாத்து அடிச்சுத் திருத்திக் குடுப்பாரு, பெறகு நான் சுத்தமா எழுதிக் கையெழுத்துக்கு வைப்பேன். கோர்ட்டுல அவுக குடுத்தது சுத்தமா எழுதுனது. இது மொதத் தாளு. மொதத் தாளக் கிழிச்சுப் போடச் சொன்னாரு. ஒம்போது வருசம் கணக்கு எழுதுன கையி, தாளக் கிழிக்க வராது.

நாலாவது பக்கம். தேதியப் பாத்துக்கங்க, தை மாசம், சூட்டிங்குக்கு மூணு மாசம் முந்தி. கீழ வாங்க, இருவத்தி மூணாவது வரி. சத்தமாப் படிக்க வேணாம், ரோட்டுல ஆளு போறாக. உசுருச் சேதம், ஆளுக்குப் பதினஞ்சாயிரம்னு இருக்கா? என்னைய அப்பிடிப் பாக்காதீகம்மா. நான் வேல பாத்த எடத்துல தீவாளிச் சீசன் கணக்குல வருசா வருசம் அந்த வரி உண்டு, பழக்கத்துல எழுதிட்டேன். ஈர மருந்து, சாக்கு, சித்திர மாசம். எழுதும்போதே தெரியும், யாராவது போவாகன்னு. ஆளு ரெண்டுன்னு போட்டுருந்தேன். ரெண்ட அடிச்சு, செவப்பு மசியில ஒண்ணுன்னு எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுருக்குல்ல, அது மொதலாளி. ரெண்டு எதுக்குய்யா, ஒண்ணு போதும்னாரு. போன்ல பட்ஜெட்டப் பாரும்யான்னது இந்த ஒண்ணத்தான். அதுக்குப் பக்கத்துல நீல மசியில சின்னதா, சரின்னு எழுதியிருக்கு பாருங்க.

அது நான்.